தெரசம்மாளுக்காக ஒரு நன்றிப் பூசை

இன்று காலை அரியலூரில் ஏலாக்குறிச்சி பஸ் ஏறினேன். முன்சீட்டில் இடம் கிடைத்தது.

எனக்குப் பின்னாலேயே எங்கள் ஊர் தெரசம்மாள் ஏறினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நிற்க முடியவில்லை.

எழுந்து இடம் கொடுத்தேன். "உக்காருங்கம்மா. இங்க யாரும் எழுப்பிவிட மாட்டாங்க."

அப்போதுதான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் மாதா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவை, "களை எடுக்க வர்றவளுக்கு இங்க என்னடி வேலை? பின்னாடி போ" என்று எழுப்பிவிட்டவர் இவர்தான். அம்மா பின்னால் போய் முழந்தாளிட்டார்.

நான் சும்மா விடவில்லை. அடுத்த வாரமே, இன்றைய பூசை எதற்காக என்று கோயிலில் வாசிக்கும் பூசைக் கருத்துச் சீட்டை எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த சாமியார் விவரம் தெரியாமல் மைக்கில் அப்படியே வாசித்தார்: "தெரசம்மாள் வழியாக எங்கள் குடும்பத்துக்குப் பொறுமை என்னும் வரத்தைத் தந்த இறைவனுக்கு நன்றியாக."

கோயிலே திரும்பி அவரைப் பார்த்தது.

அன்றிலிருந்து வருடம் தவறாமல் அதே பூசை, அதே வரி. சாமியார்கள் மாறிக்கொண்டே இருந்ததால் அவர்களில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கம்மாவே போய்ச் சேந்துட்டா. இன்னும் எத்தன வருசத்துக்குடி என் பேர வாசிக்க வைப்ப? நிறுத்திடேன்."

"ஆண்டவருக்கு நன்றி சொல்றத நிறுத்தச் சொல்லலாமாம்மா?" என்றேன்.

இறங்கியதும் நேராகக் கோயிலுக்குப் போய் இந்த வருடப் பூசைச் சீட்டையும் கொடுத்துவிட்டேன்.

உங்கள் ஊரிலும் இப்படி நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருப்பார்களே? பெயர்களைக் கீழே எழுதுங்கள்.