போட்டிக்குப் போன அருவி

மாணவர்களை அறிவியல் போட்டிக்குத் தயார்படுத்தும் ஆசிரியருக்குப் பாதி வேலை இயற்பியல், மீதி வேலை தெர்மோகோல். நீங்களும் பொறுப்பாசிரியர் என்ற பட்டத்தோடு மாட்டிக்கொண்டு முழிப்பவர் என்றால், விரலில் பசை காயாமல் வகுப்பெடுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

அறைக்கு வந்த ஆபத்து

தென்காசியில் எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கென்று ஓர் அறை உண்டு. கடையநல்லூரிலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்பு நஸ்ரினுக்கு அதுதான் உலகம். பள்ளி விட்டதும் வயரும் பேட்டரியுமாக அங்கேயே கிடப்பாள். தலைமையாசிரியருக்கோ அந்த அறைமேல் வெகுநாளாக ஒரு கண். வருஷா வருஷம் பங்கேற்புச் சான்றிதழோடு திரும்புகிறோம் என்ற எரிச்சல் வேறு. இந்த முறை மாவட்டப் போட்டியில் தேர்வாகி மாநிலத்துக்குப் போகாவிட்டால் அறை நீட் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டார். பரிசு வராவிட்டாலும் பிள்ளைகள் நாலு விஷயம் கற்றுக்கொள்கிறார்களே என்று இழுத்துப் பார்த்தேன்.

"கத்துக்கிடட்டும் டீச்சர், யாரு வேண்டாம்ங்கா? மரத்தடியில உக்காந்து கத்துக்கிடட்டும்."

திரும்பாத பூ

சுந்தரபாண்டியபுரத்து மாணவன் ஒருவன், சூரியகாந்தியைப் போல வெயில் பக்கம் திரும்பும் சோலார் பலகை செய்கிறேன் என்றான். கேட்கவே நன்றாக இருந்தது. முதலில் பூ எப்படித் திரும்புகிறது என்று கவனித்துவிட்டு வா என்று அவன் வீட்டுச் சூரியகாந்தி வயலுக்கே அனுப்பினேன். முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. திங்கட்கிழமை முகம் வாடி வந்து நின்றான்.

"பூ திரும்பவே இல்ல டீச்சர். போட்டோ எடுக்க வந்தவங்கதான் அதைச் சுத்திச் சுத்தி வருதாங்க."

ஆக, மிஞ்சியது நஸ்ரினின் அருவி மட்டும்தான்.

ஊதியது சைரன், வந்தது துண்டு

மலைமேல் மழை கொட்டினால் குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கும். மேலே தண்ணீர் கூடியதும் கீழே சைரன் ஊத வேண்டும். அதுதான் அவள் திட்டம். சிமெண்டில் குட்டி அருவி கட்டி, மீன்தொட்டி மோட்டார் வைத்துத் தண்ணீரும் விழவைத்தாள். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் முருகையா அண்ணாச்சியின் டெம்போவில் அருவியை ஏற்றிக்கொண்டு போனோம்.

போட்டி நடந்தது குற்றாலத்துப் பள்ளி ஒன்றில், அதுவும் சீசன் நேரத்தில். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, தண்ணீரை உணரும் கருவி நனைந்து, யாரும் தொடாமலே சைரன் அலறியது. நடுவர் அம்மா, ஓய்வுபெற்ற பேராசிரியை, என்ன சத்தம் என்று கேட்டார். அருவியில் தண்ணீர் கூடிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை என்று நஸ்ரின் தடுமாறிக்கொண்டே விளக்கினாள். தண்ணீர் கூடியது என்ற ஒரு வார்த்தை மட்டும் வாசல்வரை போயிருக்கிறது. வெளியே நின்ற டிரைவர்களிடையே ஒரே பரபரப்பு. முருகையா அண்ணாச்சி தோளில் துண்டோடு உள்ளே தலையை நீட்டினார்.

"டீச்சர், அருவில தண்ணி நல்லா விழுதாம்லா. ஒரு குளியலைப் போட்டுட்டு ஓடியாந்துருதேன்."

மதியத்துக்குள் ஒரு வழி

நடுவர் அம்மா சிரிக்கவில்லை. கருவி நனைந்ததைச் சரிசெய்துவிடலாம், ஆனால் சைரன் கேட்டு ஓட வேண்டியவன் குளிக்கப் போகிறானே என்றார். அதற்கு வழி கண்டுபிடித்தால் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. அறை போயே போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நனைந்த கருவியைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு, இந்த ஊரில் எந்தச் சத்தம் கேட்டால் குளிக்கிறவன் வெளியே வருவான் என்று கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள், போலீஸ் விசில். மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் நகராத கூட்டம் அந்த விசிலுக்கு நகரும். இருவருமாக அருவிப் பக்கம் ஓடினோம். பணியில் இருந்த காவலரிடம், போனில் பதிவு செய்துகொள்ள ஒருமுறை ஊதுங்கள் என்று கெஞ்சினோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, எல்லாரும் ஊதாதீங்கன்னு சண்டைக்கு வருதான். நீ ஊதச் சொல்லுதியா?"

சோதனை ஓட்டம்

கருவிக்குத் தன் டிபன் பாக்ஸ் மூடியைக் குடையாக வைத்தாள் நஸ்ரின். சைரனைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பீக்கரில் காவலர் ஊதிக்கொடுத்த விசிலை ஏற்றினாள். நடுவர் அம்மாவும் இன்னொரு நடுவரும் வந்தார்கள். அவள் மேலே ஒரு குடம் தண்ணீரைச் சரித்ததும் விசில் பிய்த்துக்கொண்டு அடித்தது. நடுவர் இருவரும் தங்களையறியாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்ற முருகையா அண்ணாச்சி திடுக்கிட்டு இரு கையையும் தூக்கினார். அருவியில் சோப்பு போடத் தடை உண்டல்லவா?

"சார், சத்தியமா நான் சோப்பு போடல சார்."

நடுவர் அம்மா அந்த இடத்திலேயே மதிப்பெண் போட்டார். நஸ்ரின் மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள், அறையும் அவளுக்கே நின்றது. எங்கள் ஊரில் அறிவியல் ஜெயிக்க வேண்டுமானால் அதுவும் காக்கிச்சட்டையின் சத்தத்தில்தான் பேச வேண்டியிருக்கிறது.