நாகம்மா அக்கா கொண்டுவந்த கைநாட்டுக் கடதாசி

திங்கட்கிழமை காலை, வவுனியாவில் நான் இப்போது வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் காதர் நானா நின்றார். முல்லைத்தீவில் கடை வைத்திருப்பவர். சாமான் எடுக்க வவுனியாவுக்கு வந்தால் என்னை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். எப்போதும் முதலில் பகிடி, பிறகுதான் சுகம் விசாரிப்பு. அன்றைக்குப் பகிடி இல்லை. "கிளாக்கர் ஐயா, எங்கட மருத்துவிச்சி நாகம்மா அக்கா மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் எடுக்கினமாம்" என்றார். உடனே அழுகை வந்தது என்று எழுதினால் பொய். என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருக்கும் ஒரு கடதாசிதான் எனக்கு நினைவு வந்தது. இனி அதைப் பற்றி அக்காவிடம் சொல்லத் தேவையில்லை என்று ஒரு கணம் ஆறுதலும் பட்டேன். அந்த ஆறுதலை நினைத்தால் இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நாகம்மா அக்காவின் மகள் கேட்டிருக்கிறார். "அந்த மனுவைப் பற்றி எழுதுங்கோ ஐயா. அம்மா சாகுமட்டும் அதைத்தான் பெருமையாச் சொல்லுவா" என்றார். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு எடுத்துத் தந்தவர் அவர். உங்களிடம் மறைத்து எழுத எனக்கு இனித் துணிவில்லை.

நான் அவரை முதலில் கண்டது என் மூத்த மகள் பிறந்த அன்று. முல்லைத்தீவுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான். நல்ல மத்தியான வெயில். உள்ளே மனைவி கத்துகிறாள். வெளியே நான் சுங்கான் குழாயில் புகையிலையை அடைத்துப் பற்றவைப்பதும் அது அணைவதுமாக முற்றத்தை அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர் வெளியே வந்து, கிணற்றடியில் முழங்கை வரை கழுவி, தோல் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். அதைக் காதோரம் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டு, "நெருப்புப் பெட்டியைத் தாங்கோ தம்பி" என்றார். இரண்டு இழுவைக்குப் பிறகுதான் செய்தி வந்தது. "பெட்டை. தாயும் சுகம். நல்ல குரல் இருக்கு. இனி உங்களை வெருட்ட வீட்டிலயும் ஒரு ஆள்." என் சுங்கான் புகை அவர் பக்கம் போயிருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தார். "உதுக்குள்ள என்னத்தை அடைக்கிறியள்? சர்க்கரைப் பாணியில ஊறின வைக்கல் மாதிரி மணக்குது." இங்கிலாந்துப் புகையிலை அக்கா என்று கொஞ்சம் மிடுக்காகச் சொன்னேன். "அதுதான் வாற வழியில கடல் தண்ணி பட்டுட்டுது" என்றார்.

காதர் நானாவின் கடைக்குப் பின்புறம் இருக்க ஒரு நீள வாங்கும் நாலு கதிரையும் கிடந்தன. பின்னேரம் கந்தோர் விட்டதும் நாங்கள் சில பேர் அங்கே கூடுவோம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா, நான், இன்னும் இரண்டு மூன்று உத்தியோகத்தர்கள். எங்களுக்கு நாங்களே 'சுங்கான் சபை' என்று பெயர் சூட்டியிருந்தோம். கோழியிறகால் சுங்கான் துப்புரவாக்குவது எப்படி, எந்த டின் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காது, இதுதான் எங்கள் பெரிய ஆராய்ச்சி. நாகம்மா அக்கா சுருட்டு வாங்க வந்தால் பின்கதவு நிலையில் சாய்ந்து நின்று எங்கள் கதையைக் கேட்பார். "நீங்கள் பத்தவைக்கிறதும் குத்துறதும் கொட்டுறதும்தான். எப்ப ஆறுதலா இருந்து இழுக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் உள்ளபடி பார்த்தால் எங்கள் எல்லோரையும்விடப் புகையிலை தெரிந்தவர் அவர்தான். அவர் வந்து மணந்து பார்க்கும்வரை காதர் நானா புதுச் சுருட்டுக் கட்டு எதையும் விற்கமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாளாவது நாங்கள் ஒரு கதிரை காட்டியதில்லை.

அந்த வருஷம் சுங்கான் புகையிலைக்கும் சுருட்டுக்கும் வரி கூட்டப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. சபை கொதித்தெழுந்தது. அப்போதிக்கரி ஐயா, "இண்டையோட விட்டன்" என்று சுங்கானை மேசையில் அடித்து வைத்தார். பொழுதுபட முன்னமே, வெறுஞ் சுங்கானைச் சப்பப் பல்லுக் கூசுது என்று என்னிடம் புகையிலை கேட்டார். ஒருவர் டின் டின்னாக வாங்கி நெல் மூட்டைக்குள் புதைத்தார். இன்னொருவர் கலந்து பிடித்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று முருங்கைச் சருகைச் சேர்த்து அடைத்து, இருமி இருமிக் கண் பிதுங்கினார். நான் மனு எழுதுவேன் என்றேன். மனு எழுதுவதில் எனக்கு ஒரு கெப்பர், ஒரு பெருமை உண்டு.

கதவடியில் நின்ற நாகம்மா அக்கா கேட்டார். "சுருட்டுக்கும் எல்லோ வரி எண்டியள்? அப்ப நாங்களும் கையெழுத்து வைக்கலாம்தானே?"

"ஏன் கூடாது அக்கா? கொண்டுவாங்கோ. முதலாவதா என்ர கையெழுத்தை நானே வைக்கிறன்" என்றேன். சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்துக் கடைப் பின்கதவுக்கு வந்தார். இரண்டு முழுத்தாள்களை நீளவாட்டில் ஒட்டிய ஒரு கடதாசி. பிள்ளைப்பேறு பார்க்கப் போன இடமெல்லாம் அதையும் ஒரு மைப்பெட்டியையும் கொண்டு போயிருக்கிறார். முள்ளியவளை, அளம்பில், கொக்கிளாய். கொக்கிளாயில் வள்ளத்திலும் ஏறிப் போனாராம். கடதாசி நிறையப் பெண்களின் கைநாட்டு. ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் அவருடைய வடிவான எழுத்தில் பெயரும் ஊரும். அதோடு விட்டாரா? 'ஐந்து பிள்ளைப் பேறு, நான் பார்த்தது.' 'இரட்டைப் பிள்ளை, இரண்டும் சுகம்.' ஆளை உறுதிப்படுத்த அவருக்குத் தெரிந்த சாட்சி அது. ஒன்று என்று இலக்கம் போட்ட இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அது உங்கட இடம்" என்றார். "கைநாட்டு வைச்சா வழக்குக் கிழக்கு வருமோ எண்டு பொம்பிளையளுக்குப் பயம். கிளாக்கர் தம்பி முன்னுக்கு நிக்கிறார், உங்களுக்கு என்ன எண்டு கேட்டனான். அதுக்குப் பிறகுதான் விரலைத் தந்தவை."

அவர் தலை மறைந்ததும் சபை சிரித்த சிரிப்பு! அப்போதிக்கரி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐஞ்சு பிள்ளைப் பேறு! ஐசே, உதை அனுப்பினா முல்லைத்தீவில கிழவியள்தான் சுருட்டுப் பத்தினம் எண்டு கொழும்பு முழுக்கச் சிரிக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்தேன். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தேன். என் அம்மாவும் சுருட்டுப் பத்துகிறவர். கந்தோர் நண்பர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், "அம்மா, குசினிக்குள்ள போங்கோ" என்று அனுப்பிவிடுகிறவன் நான். அந்தக் கைநாட்டுகளுக்கு மேலே என் பெயரை நினைக்க எனக்குக் கூசியது. சபை ஆண்கள் கையெழுத்து வைத்திருந்த வேறு தாளை மட்டும் மனுவோடு இணைத்துத் தபாலில் சேர்த்தேன். பெண்களின் கடதாசியை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் சந்தையடியில் கண்டார். "அனுப்பியாச்சோ தம்பி?"

"ஓம் அக்கா, அனுப்பியாச்சு."

"எல்லாம்?"

"எல்லாம்."

சில மாதம் கழித்து வந்த பேப்பரை இரண்டு தரம் வாசித்தேன். சுங்கான் புகையிலைக்குக் கூட்டிய வரி கூட்டியதுதான். சுருட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலே யார் யாரோ பேசியிருப்பார்கள். ஆனால் நாகம்மா அக்காவுக்குக் காரணம் தெரியும். வெயிலையும் பாராமல் திரும்பவும் ஊர் ஊராகப் போனார். "உங்கட விரலுக்குப் பயந்துதான் கவுண்மேந்து விட்டது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, வாழைச்சருகில் சுற்றிய ஒரு கட்டுச் சுருட்டும் ஓலைப்பெட்டி நிறையக் கொக்கிளாய் இறால் கருவாடும் வைத்தார். "பெட்டையள் எல்லாம் சேர்ந்து தந்தவை. கிளாக்கர் தம்பி முன்னுக்கு நிண்டபடியால் வெண்டதெண்டு சொல்லச் சொன்னவை." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. கருவாட்டைத் தின்றோம். சுருட்டையும், சுங்கான் சபைக்காரனாகிய நான், ஒன்றுவிடாமல் பத்தி முடித்தேன். வெட்கங்கெட்டவன்.

வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும் அன்று பஸ் நிற்குமிடத்துக்கு வந்தார். என் மகளின் கன்னத்தைத் தடவி, "நான் பார்த்த பிள்ளை, வடிவா வளர்ந்திட்டுது" என்றார். இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் இடித்தது. "அக்கா, அந்தக் கடதாசி..." என்று தொடங்கினேன். அவர் முகம் பூரித்தது. "மறப்பனோ தம்பி? நான் இத்தனை பிள்ளை எடுத்தனான், ஆனா பேப்பரில வாற மாதிரி ஒண்டு செய்தது அது மட்டும்தான்." அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. பஸ் கிளம்பியதால் சொல்லமுடியாமல் போயிற்று என்று பலகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் கிளம்பப் போதிய நேரம் இருந்தது.

செத்தவீட்டுக்குப் போனேன். முற்றம் நிறையப் பெண்கள். கால்மாட்டில் ஒரு சுருட்டும் நெருப்புப் பெட்டியும் யாரோ வைத்திருந்தார்கள். ஒருவரும் அதற்குச் சிரிக்கவில்லை. நான் போய் நின்றதும் ஒரு கிழவி எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். கொக்கிளாய்க்காரி. வலை இழுத்துக் காய்ப்பேறிய பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த விரல்தான் ஐயா. நான் செத்தாலும் என்ர பேர் கொழும்பில இருக்குமெண்டு நாகம்மா சொன்னவா. இருக்கும்தானே?"

"இருக்கும் ஆச்சி" என்றேன். பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதையும் சொன்னேன்.

ஆச்சி, உங்கள் பெயர் கொழும்பில் இல்லை. ஒருநாளும் போகவில்லை. நாகம்மா அக்கா உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. நான் அவருக்குச் சொன்ன பொய்யைத்தான் உண்மை என்று நம்பிச் சொன்னார். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் இதைப் பக்கத்தில் இருப்பவர் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

இப்படியான எழுத்தின் முடிவில், மறைந்தவரிடமிருந்து தன்னிடம் என்ன எஞ்சியிருக்கிறது என்று சொல்வார்கள். குணத்தைச் சொல்வார்கள், வார்த்தையைச் சொல்வார்கள். என்னிடம் இருப்பது அவர் என்னிடம் ஒப்படைத்த கடதாசி. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, ரேகைகள் அழியவில்லை. கடைசியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. தன்னைப் பற்றி மட்டும் அவர் ஒரு குறிப்பும் எழுதவில்லை. அந்தியேட்டியன்று அதைக் கொண்டு வருவேன். முற்றத்தில் விரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். நேற்றும் பேனையை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் இருந்து பார்த்தேன். வாசிப்பு ஒன்றாம் இலக்கத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே பெயர் இல்லை.