மாமாவின் தலைக்கு மேல் நின்ற பலா

மாமாவின் சாய்வுக் கதிரை இன்னமும் அந்த விறாந்தையில்தான் கிடக்கிறது. மற்றவர்கள் கதிரையைப் பாதை பார்க்கப் போடுவார்கள். அவர் பலா மரத்தைப் பார்க்கப் போட்டிருந்தார்.

அலவத்துகொடைக்கு மேலே, வெள்ளைக்காரர் காலத்தில் என் உம்மாவின் வாப்பா தேடிவைத்த தோட்டம் அது. துண்டு துண்டாகப் போய்விடக் கூடாதென்று முழுவதையும் மூத்த மகன், என் மாமா, பேருக்கே உறுதிப் பத்திரம் எழுதிவிட்டார். அங்கே விளைந்த மிளகு இருக்கிறதே, உம்மா இடித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்! சரி, மரத்துக்கு வருகிறேன். அந்தப் பலாவை மட்டும் ஏழு பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதியிருந்தார், எல்லாரும் கூடித் தின்னட்டும் என்று. ஏழு பேரும் சம்மதிக்காமல் அதில் கத்தி வைக்க முடியாது.

ஒரு பெருமழையில் மண் இறங்கி, மரம் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. முழு வீடும் அதன் கீழேதான். மாமா துருக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஐந்து பேர் சரி என்றார்கள். அவரை 'நானா' என்று கூப்பிடும் கடைசித் தங்கை, என் சாச்சி, அசையவில்லை.

"உழுந்தா நாங்க எல்லாரும் மௌத்து, தங்கச்சி."

"தோட்டம் நானாக்கு, வூடும் நானாக்கு. வாப்பா எனக்குத் தந்தது அந்த மரத்துல ஒரு பங்கு. அதயும் வெட்டிப் போட்டா நான் யாருட மகள்?"

காணித்துண்டு எழுதித் தருகிறேன் என்றார் மாமா.

"வாப்பா தராதத நீங்க தர ஏலாது, நானா."

தோட்டத்தையே ஒரு சத்தத்தில் ஆட்டிவைக்கிற மனிதர், தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்தார். உறுதி எழுதும் கண்டிப் பிரக்கிராசியும் சட்டத்தில் வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்.

அடுத்த மழைக்கு, பாயும் தலையணையுமாகச் சாச்சி பாதையில் ஏறி வந்தார். மரத்துக்கு நேர் கீழே இருந்த அறையில் பாயை விரித்தார்.

"என்ன புள்ள இது?"

"உழுந்தா என்ட மேலயும் உழட்டும். என்ட பங்கும் தானே!"

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வந்தார். கூடவே வட்டலப்பம் என்ற இனிப்பும் வரும். பிள்ளைகளான எங்களுக்குப் பெருநாள்தான்! மாமா மட்டும் மரத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டயும் ஒண்டும் செய்ய ஏலாது" என்பார்.

மரம் விழவேயில்லை. அவர்கள்தான் போய்விட்டார்கள். மாமாவின் மகனைக் கல்யாணம் முடித்து நான் அந்த வீட்டுக்கே வந்தேன். ஏழு பங்கும் பிள்ளைகள், பேரர்கள் என்று பிரிந்து, இன்று யாரைக் கேட்பதென்றே தெரியவில்லை. மரம் இன்னும் ஒரு சாண் சாய்ந்திருக்கிறது.

கதிரையில் இப்போது நான்தான். மழை பிடித்தால் மட்டும் அதைப் பாதைப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.