அன்னக்கூடை ஆம்ப்ளிஃபயர்

போன வியாழக்கிழமை என் கையால் ஒரு உயிர் போயிருக்கும்.

நான் கத்தி எடுக்கிற ஆள் இல்லை. எதிரில் நாலு பேர் வந்தால் தெரு மாறிப் போகிற ஆள் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் எடுத்தது சால்டரிங் அயர்ன்.

சொந்தமாக ஒரு ஸ்டீரியோ செட் செய்ய வேண்டும் என்று ஒரு மாதமாக வெறி. மனதில் இருப்பதைப் பேச வராதவனுக்குப் பாட்டுதானே துணை? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு சர்க்யூட் படம் எங்கே புரியப் போகிறது? என்னுடையது பட்டன் போன். அதனால் என் மனைவி செல்வியின் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த வயர் எந்தக் காலில் என்று அப்படியே செய்தேன். பழைய டி.வி.யில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர், சென்னையிலிருந்து வரவழைத்த போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் — எல்லாம் சேர்ந்துவிட்டது. பெட்டி மட்டும் இல்லை.

அலுமினியத்தில் மாட்டினால் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்றார் வீடியோக்காரர். பழவேற்காட்டுப் பக்கம் எந்த வீட்டில் அலுமினியம் இல்லை? மீன் அன்னக்கூடை இருக்கிறதே! செல்வி தலையில் வைத்துத் திருப்பாலைவனம் போய் மீன் விற்கிற கூடை. அவளிடம் இருந்த இரண்டில் நல்லதைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, உள்ளே எல்லாவற்றையும் முடுக்கிவிட்டேன்.

"யோவ், சோறு போடுற கூடைய கவுத்து வச்சிருக்கியே, உனக்கு இன்னா மூள?" — வியாழன் காலையில், மிச்சமிருந்த பழைய ஓட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் கத்தினாள். "இதுல மீன் தண்ணி ஒழுவுது. பஸ்ல அவன் அவன் திட்றான். உன் செட்டு இன்னிக்குப் பாடலன்னு வையி, ஏரியில கடாசிடுவேன்."

அவள் போனைக் கவிழ்த்த கூடைமேல் வைத்து, வயரைச் சொருகி, பிளக்கை மாட்டினேன்.

பாடியது! இரண்டு பக்கமும் பாடியது!

செல்வி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். "அட, பாடுதுய்யா... நிஜமாவே நீயா பண்ண?" அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என் வேலையைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

அந்த நேரம் பார்த்துக் கூடையைத் தொட்டேன். சுரீர்! தோள் வரைக்கும் இழுத்தது.

"இன்னாய்யா?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒரு வார்த்தைதான். பாட்டு ஓடட்டும் என்று போனை விட்டுவிட்டு அவள் கிளம்பிய பிறகு டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. ஓட்டையின் விளிம்பு மெயின் வயரை அறுத்திருக்கிறது. ரப்பர் வளையம் போடவில்லை, எர்த்தும் கொடுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கப் போனேன்... கரன்ட் போய்விட்டது. வெளியே செல்வியின் தம்பி குமார், "மாமா, நேரமாவுது" என்று கூப்பிட்டான். ஓடிவிட்டேன். பிளக் அப்படியே. போனும் அப்படியே.

அன்று எங்கள் பாடு. அதாவது, ஏரியில் அந்த இடத்தில் வலை போட எங்களுக்கு விழுந்த முறை. விட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வலை போட்டு முடித்துப் போட்டில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்மேல் கோயில் ஸ்பீக்கர் சத்தம் மிதந்து வந்தது.

"கரன்ட் வந்துருச்சு மாமா!" என்றான் குமார் சந்தோஷமாக.

அப்படியானால் கூடைக்கும் வந்திருக்கும். செல்வி ஒரு மணி பஸ்ஸில் வருவாள். வந்ததும் வாசல் தண்ணீர் டிரம்மில் கை கால் கழுவுவாள். ஈரக் கையோடு உள்ளே போவாள்...

பட்டன் போனை எடுத்து அவளுக்கு அடித்தேன், தொடாதே என்று சொல்ல. இரண்டு ரிங் போனது. அப்புறம்தான் உறைத்தது — அவள் போன் எங்கே இருக்கிறது? கூடைமேல்! சட்டென்று கட் செய்தேன். இன்னும் பஸ் வரவில்லை, அவள் வீட்டில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"குமாரு, கரைக்குப் போலாம். வயிறு சரியில்ல."

"அதுக்கு ஏன் மாமா கரைக்கு? எவ்ளோ பெரிய ஏரி இருக்குது, எறங்கு. மீனு ஒண்ணும் வெளிய சொல்லாது."

நானும் சிரித்தேன். நம்புவீர்களா? அந்த நேரத்தில் நான் சிரித்தேன்! உண்மையைச் சொல்ல அவ்வளவு கூச்சம். அதில் எத்தனை நிமிஷம் போனது, தெரியவில்லை.

கடைசியில் சொன்னேன். "உங்க அக்கா கூடைய தொட்டா ஷாக் அடிக்கும். பிளக்க புடுங்காம வந்துட்டேன்."

 குமார் வலையை அப்படியே விட்டான், இன்ஜினை இழுத்தான். கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் வற்றி, போட் மண்ணில் தட்டியது. குதித்து முழங்கால் தண்ணீரில் ஓடினோம். அவன் முன்னால். நான் பின்னால்.

எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம்.

அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. குமார்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். "அக்கா!" என்று கத்தினான். அதற்கு ஒரு பதில் வருகிறதா என்று நான் நின்ற அந்த நேரம்... அதை எழுதத் தெரியவில்லை.

"கத்தாதடா, இருக்கேன்" என்றது செல்வி குரல்.

டிரம்மில் சாய்ந்து மணலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கோமளா அக்கா அவள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெயினை அணைத்தவரும் அவர்தானாம்.

"மீனு சீக்கிரம் வித்துப் போச்சு, ஷேர் ஆட்டோல வந்துட்டேன். கை கழுவுறேன், போன் அடிக்குது, ரெண்டு ஸ்பீக்கர்லயும். எடுக்கப் போனேன். தூக்கி அடிச்சுடுச்சு" என்று எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த இரண்டு ரிங்... நான் அடித்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காலையில உனக்கும் அடிச்சுதா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த... சொன்னா திட்டுவன்னு..."

"நான் திட்டினா நீ செத்தா பூடுவ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். வலது கையில் மட்டும் இரண்டு விரல் இன்னும் மரத்திருக்கிறது. குமார் என்னோடு பேசுவதில்லை. அவள் பேசுகிறாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தொட்டால் சுரீர் என்கிற ஃபிரிட்ஜோ மோட்டாரோ இருக்கிறதா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு தொடுகிறீர்களா? முதலில் மெயினை அணையுங்கள். அடுத்து, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.