கண்ணாடிக் கதவு அடுப்பு

என் தம்பி பிறந்தபோது அவனுக்கு வீடு தயாராக இருக்கவில்லை. இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் ஒரு காரியத்துக்கு நேரத்துக்கு முன்னால் வந்து நின்ற முதல் ஆள் அவன்தான் என்று மாமா சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாரிசின் லா ஷப்பலில் எங்கள் இரண்டு அறை வீட்டில் எங்களோடு இருந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா தினமும் போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவனுடைய காலைத் தொட்டேன். சுடச்சுட இருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தை மாதத்தில் அப்படிச் சூடாக இருந்த ஒரே பொருள் தேத்தண்ணிக் கோப்பைதான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு விடுவதற்கு அங்கிருந்த தாதி இரண்டு நிபந்தனை சொன்னார். அறையில் இருபது பாகை சூடு இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஹீட்டர் கண்ணில் படவே கூடாது, அதன் புகை பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. இரண்டையும் தானே வந்து பார்ப்பார், பார்த்துச் சரியென்றால்தான் பிள்ளை. எங்களிடம் இருந்ததோ மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றுதான். மின்சார ஹீட்டரைப் போட்டால் முழுக் கட்டடமும் இருண்டு, மேல் வீடுகளில் இருந்து சத்தம் வரும்.

வழி சுவருக்குள்ளேயே இருந்தது. முன்னறையில், குளிர்காய விறகு எரிக்கிற பழங்காலப் பளிங்குச் சுவரடுப்பு ஒன்று பலகை அடித்து மூடிக் கிடந்தது. அதன் மேல்தட்டில்தான் எங்கள் சாமிப் படங்கள். அந்த அடுப்பின் வாய்க்குள் தள்ளி வைக்கிற மாதிரி இரும்புப் பெட்டி விற்கிறார்கள், வெறும் சுவரடுப்பு என்றால் சூடு முழுக்க வானத்துக்குத்தான் போகும், இது அறைக்குள் அனுப்பும் என்று மாமா சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. வீட்டுக்காரக் கிழவி, புகைபோக்கி துப்புரவாக்குகிறவர் வந்து பார்த்துச் சரி சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாரிசுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் அடுப்பு விற்கிற ஒரு பெரிய கிட்டங்கிக்கு அப்பா, மாமா, நான் மூவரும் போனோம். அப்பாவுக்குத் தெரிந்தது சாப்பாட்டுக்கடையில் அவர் கோப்பை கழுவும் இடத்துப் பிரெஞ்சு. மாமாவுடையது கட்டட வேலைப் பிரெஞ்சு, அதில் பாதி போர்த்துக்கீசியம். ஆகவே எட்டு வயதில் நானே அந்தக் குடும்பத்தின் வாயாக இருந்தேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கடைக்காரர் அந்தப் பெட்டியை 'அன்சேர்' என்றார். வார்ப்பிரும்பில் செய்தது, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே போனவுடனேயே நான் ஒன்றைத் தேர்ந்துவிட்டேன். கடையிலேயே பெரியது அது. தம்பி இத்தனை நாளும் கண்ணாடிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவன், அவனுக்குப் பெரிய கண்ணாடிதான் வேண்டும் என்பது என்னுடைய கணக்கு. கடைக்காரர் அறை எவ்வளவு என்று கேட்டார். சொன்னோம். உடனே தலையாட்டி, சின்னதைக் காட்டி நீளமாக எதையோ விளக்கினார்.

"என்ன சொல்லுறார்?" என்றார் அப்பா.

"பெரிசுதான் நல்லதாம்" என்றேன்.

அப்பா கடைக்காரரின் கையைப் பார்த்தார். அது இன்னும் சின்ன அடுப்பின் மேலேயே இருந்தது. பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"பிள்ளை, அவர் சொல்லுறதைச் சொல்லு. நீ நினைக்கிறதைச் சொல்லாதை. உன்ர வாயை நம்பித்தான் நாங்கள் இஞ்சை நிக்கிறம்."

அப்பா என்னை ஏசியதே இல்லை. அதுவும் ஏச்சில்லை. ஆனால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். சின்ன அறையில் பெரிய அடுப்பை வைத்தால் வேக்காடு தாங்காது. அதைத் தணித்து எரித்தாலோ கண்ணாடி கரியாகும், புகைபோக்கி அடைக்கும். சின்னதை வாங்கிக் காய்ந்த விறகு போட்டு நன்றாக எரியவிடுவதுதான் சரி. அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நைலோன் கயிற்றை எடுத்தார். வீட்டு அடுப்பு வாயின் அகலம், உயரம், ஆழம் மூன்றுக்கும் மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முடிச்சுகளும் சின்ன அடுப்பின் பக்கமே சாய்ந்தன.

புகைபோக்கிக்காரர் வந்து கூரையில் ஏறித் தூரிகையை இறக்கினார். கீழே சாக்கோடு நின்ற மாமா ஒரு புறாக்கூட்டையும் ஐம்பது வருடத்துக் கரியையும் முகத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு மேலிருந்து வளைகிற உருக்குக் குழாய் ஒன்று பாம்புபோல இறங்கியது. மாமாவும் அவரோடு வேலைசெய்கிற போர்த்துக்கீசிய மேசனும் அப்பாவும் அந்த அடுப்பை முற்றத்தால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு மொழியில் ஐயோ என்றார்கள். அதை உள்ளே தள்ளி, குழாயைப் பூட்டி, இடைவெளி அடைத்து முடிய இரண்டு நாள் போனது. போகும்போது புகைபோக்கிக்காரர் என்னைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார். முதல் முதல் மூட்டும்போது சின்ன நெருப்பு. விறகு காய்ந்திருக்க வேண்டும். எரியும்போது கதவு மூடியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள்.

தாதி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவுக்கும் மாலையில்தான் வேலை. அன்று அடுப்பை மூட்டுவதென்று முடிவானது. அப்போதுதான் அம்மா ஒரு கதையைத் தொடங்கினார்.

"இந்த வீட்டில இன்னும் பால் காய்ச்சேல்லை."

அப்பா திகைத்துப்போனார். "நாங்கள் வந்து ஒண்டரை வருசம். இப்ப என்னத்துக்கு?"

"இவ்வளவு நாளும் அடுப்பிருந்ததே? கரண்ட் தட்டு அடுப்பில்லை. இப்பதான் விறகடுப்பு வந்திருக்குது. பால் பொங்காத வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவர ஏலாது."

அம்மா பெரும்பாலும் எதையும் கேட்கிறவர் இல்லை. அப்பா முதலில் பாரிசுக்கு வந்துவிட, ஊரில் நாங்கள் மூன்று வருடம் தனியே இருந்தோம். மாமாவைத் தேடி இரண்டு தடவை சப்பாத்துக் காலோடு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களாம். இரண்டு தடவையும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு மாமா எங்கோ போனார், நாங்களும் வெளிக்கிட்டோம்; அவர் பிறகுதான் பாரிசில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்தக் காலம் முழுக்க அம்மா எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, அப்பா உடனே போய் ஒரு புதுப் பானை வாங்கி வந்தார்.

பால் காய்ச்ச நல்ல நேரம் பத்து மணி என்று நாட்காட்டி சொன்னது. அது யாழ்ப்பாணத்துப் பத்து மணியா, பாரிஸ் பத்து மணியா என்று அப்பாவும் மாமாவும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள். சூரியன் இஞ்சை இருக்கிற எங்களுக்கு இஞ்சைதான் உதிக்குது என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். பானை வைக்க இடம்தான் இல்லை. அடுப்பின் மேல்பக்கம் முழுக்கச் சுவருக்குள் போய்விட்டது. உள்ளேதான் வைக்க வேண்டும், உள்ளே வைப்பதென்றால் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

"கதவு மூடியிருக்க வேணும் எண்டு அவர் சொன்னவர்" என்றேன்.

"அது வெள்ளைக்காரருக்கு" என்றார் மாமா. "அவங்கள் பால் காய்ச்சிறவங்களே?"

மாமா கொண்டுவந்திருந்த விறகு, ஒபர்வில்லியே கிட்டங்கிகளுக்கு வெளியே மழையில் கிடந்த பழப்பெட்டிப் பலகை. அதை நிறைய அடுக்கி மூட்டினார். மூன்று கல் வைத்துப் புதுப் பானையை ஏற்றினார்கள். சின்ன நெருப்பு, காய்ந்த விறகு, மூடிய கதவு மூன்றும் போயிற்று. ஈரப் பலகை சீறியது. அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றார். பால் பொங்கியது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பொங்கி, நெருப்பில் வழிந்து, கண்ணாடியில் தெறித்தது. அடுத்த நிமிடம் கருகிய பாலும் அடுப்பின் புதுப் பூச்சும் ஈரப் பலகையும் சேர்ந்த ஒரு புகை அறையை நிரப்பியது. சாமிப் படங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா சன்னல்களை எல்லாம் அடித்துத் திறந்தார். மாமா துவாயால் வீசினார். புகை முற்றத்துக்குப் போய், அங்கிருந்து ஐந்து மாடிக்கும் ஒவ்வொன்றாக ஏறியது.

இத்தனைக்கும் நடுவில் அம்மா பானையை வெளியே எடுத்து, மிஞ்சிய பாலில் சீனி போட்டு, தம்ளர்களில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார். பால் பொங்கிவிட்டது. அவருக்கு அதுதான் பெரிது.

கால் மணித்தியாலம் கழிந்திருக்கும். முற்றத்தில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டது. பலபேர் ஓடிவருகிற சத்தம். கதவை ஓங்கித் தட்டினார்கள்.

அப்பா திறந்தார். மேல்வீட்டுக்காரர் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தீயணைப்புக்காரர்கள், தலையில் பளபளக்கும் கவசம், கையில் கோடரி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். படப்புத்தகத்தில் பார்த்தவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பிறகுதான் யோசனை வந்தது. இவர்கள் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனால்? தாதியிடம் சொல்லிவிட்டால்? தம்பி அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடப்பானே!

அப்பா அலுமாரிக்குப் போய், எங்கள் விசாக் கடதாசிகள் இருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மாமாவின் கடதாசி அதில் இல்லை. தீயணைப்புத் தலைவருக்கு அது விளங்கவில்லை. அவர் அடுப்பைத்தான் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். அது அப்பாவுக்கே விளங்கியது. "நோ, நோ" என்றார். அம்மாவும் தலையாட்டினார்.

தலைவர் என் பக்கம் திரும்பி மறுபடி கேட்டார். நினைக்கிறதைச் சொல்லாதை என்று அப்பா படிப்பித்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். என் மாமா இருக்கிறார், இவ்வளவு நேரமும் இங்கேதான் நின்றார் என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் உரத்துக் கூப்பிட்டார். குளிக்கிற மூலையின் திரை அசைந்தது. மாமா வெளியே வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் அவரும் ஒளித்துப்பிடித்து விளையாடும்போது பிடிபட்டால் இப்படித்தான் செய்வார். இளைய தீயணைப்புக்காரர் ஒருவரும் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோடரியைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்து, மாமாவின் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அப்போது அம்மா தட்டோடு வந்தார். பால் காய்ச்சிய வீட்டில் வந்தவர்கள் குடிக்காமல் போகக்கூடாது. அவருடைய கை ஆடிய ஆட்டத்தில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. தலைவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்தார். மூவரும் நின்றபடியே குடித்தார்கள். தலைவர் ஈரப் பலகைகளை எடுத்துப்போட்டு, எஞ்சிய தணலைக் கூட்டி, கதவை மூடிக் காட்டினார். புகை சொன்ன சொல் கேட்டு மேலே போனது. நல்ல அடுப்பு, கதவை மூடி எரிக்கச் சொல் என்று என்னிடம் சொன்னார். போகும்போது அப்பாவின் பையை அவரே மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தாதி வந்தார். காய்ந்த விறகில், மூடிய கதவுக்குப் பின்னால் நெருப்பு சமர்த்தாக எரிந்தது. இருபத்தொரு பாகை. சனிக்கிழமை தம்பி வந்தான். அந்தக் கண்ணாடியின் மூலையில் பால் சுட்டுப் பிடித்த மண்ணிறக் கறை ஒன்று கடைசிவரை இருந்தது. சுரண்ட அம்மா விடவில்லை. தம்பி தவழும் வயதில் அதைத்தான் விரலால் காட்டிக் காட்டிச் சிரிப்பான்.

அந்தப் புதன்கிழமை, தீயணைப்புக்காரர்கள் போன பிறகு, மாமா கருகிய பலகைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். உண்மை சொன்னதற்கு யாராவது மெச்சுவார்கள் என்று காத்திருந்தேன். அப்பா என் தலையைத் தடவினார். அவ்வளவுதான். அம்மா நிலத்தில் இருந்து, கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எவர்சில்வர் தம்ளர் என்றால் சூடு கையில்தான் ஏறும்.

"பால் கையைச் சுட்டுப்போட்டுதோ அம்மா?"

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. "நல்ல சூடு."

நான் அவரிடம் ஒட்டி இருந்து, எனக்கென்று எடுத்துவைத்திருந்த கடைசித் தம்ளரைக் குடித்தேன். சன்னலெல்லாம் திறந்து கிடந்த அந்தத் தை மாதத்து அறையில், பால் எப்போதோ ஆறிக் குளிர்ந்து, மேலே ஆடை கட்டியிருந்தது.