மிஸ்ட் கேட்ட மேடம்

பசறை சலூனில் முடி கூட்டிக்கொண்டிருந்த எனக்கு, பண்டாரவளை ஹோட்டலில் நடந்த மணப்பெண் ஃபேஷன் ஷோவில் மேக்கப் உதவியாளராக நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது. மேக்கப் போடக் கொழும்பிலிருந்து வந்திருந்த மேடம் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். தெரியாது என்றால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயம்தான்.

கடைசி மாடலுக்கு மேக்கப் முடிந்ததும், “தங்கச்சி, மிஸ்ட் வேணும், சீக்கிரம்!” என்றார்.

கொழும்புக்காரர்கள் எங்கள் மலைப்பக்கம் மிஸ்ட் பார்க்கத்தானே வருவார்கள்? ஓடிப்போய்ப் பெரிய ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே நின்றிருந்த பனிமூட்டம் வெற்றிலை வைத்து அழைத்தது போல உள்ளே வந்தது. மணிக்கணக்காக நேராக்கி வைத்திருந்த கூந்தலெல்லாம் கண்ணெதிரே சுருண்டது.

“என்ன செய்ற நீ?”

“நீங்கதானே மேடம் மிஸ்ட் கேட்டீங்க? நல்லா வருதுங்க!”

மேடம் மேசையிலிருந்த சின்ன ஸ்பிரே போத்தலைத் தூக்கிக் காட்டினார். மேக்கப் கலையாமலிருக்க முகத்தில் அடிப்பதாம். அதன் பெயர்தான் மிஸ்ட்.

எனக்கு அழுகை முட்டியது. அவரோ சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வழிந்து, மையெல்லாம் கன்னத்துக்கு இறங்கிவிட்டது.

“முதல்ல ஜன்னலை மூடு. பிறகு வந்து என் கண்ணைச் சரி பண்ணு” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தொட்ட முதல் முகம் அவருடையது.

இன்று எனக்கும் உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவள் சட்டென்று தலையாட்டினால், நான் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.