தப்பாகச் சொல்லிக் கேட்பவள்

சுமித்ரா முதலில் செருப்புகளை எண்ணுகிறாள். தலைவரின் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் இறங்காமலே எட்டிப் பார்ப்பாள். பத்து ஜோடிக்குள் இருந்தால் அவர் இப்போது பதவியில் இல்லை, பேச ஆள் தேடிக்கொண்டிருப்பார், உடனே உள்ளே போகலாம். முப்பதைத் தாண்டினால் மதியம் வரை கூப்பிட மாட்டார்கள். "முப்பத்தி நாலு சார். வாங்க, டிபன் துன்னுட்டு வந்துரலாம்" என்று அதே ஆட்டோவில் திரும்பிவிடுவாள். பதினான்கு வீடுகளில் அவள் கணிப்பு பிசகியது ஒரே ஒரு முறை. அன்று அந்த வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

வயது இருபத்தொன்பதும் நான்கு மாதமும். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. நிலமில்லாதவர்களுக்கு அரசு ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த பட்டா நிலங்கள், தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு கம்பெனிகளின் கைக்கு எப்படிப் போயின என்று சித்தூர் மாவட்டத்துத் தலைவர்களைக் கேட்டு எழுதுவதுதான் அந்த வேலை. சட்டப்படி அந்த நிலத்தை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆகவே கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். பேச்சைப் பதிவுசெய்யும் கருவியைக் கண்டால் எழுந்தே போய்விடுவார்கள். அதனால் சித்தூர் நீதிமன்றத்தில் முப்பத்தெட்டு ஆண்டு சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்ற என்னைக் கூடவே வைத்துக்கொண்டாள். என் நோட்டில் உள்ள கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்துத் தலைவர்களுக்குச் சிரிப்பு வரும். "சாமிக்கு இன்னும் கையெழுத்து வரலயா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்த பிறகு நன்றாகப் பேசினார்.

அவர்கள் பதில் சொல்லும் முன் கேள்வி கேட்பார்கள். எந்த ஊர் என்பது முதல் கேள்வி. ஊரில் எந்தத் தெரு என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியை வாயால் கேட்பதில்லை. பதினான்கு வீடுகளில் மூன்றில் எனக்கு ஸ்டீல் டம்ளரிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் காப்பி வந்தது. அவள் அந்தக் கப்பைக் கசக்கி எறியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, "பஸ்ல கடலை போட்டுத் துன்ன ஆவும் சார்" என்றாள்.

அவளுடைய வழி என்னை முதல் நாளே திடுக்கிட வைத்தது. திருப்பதியில் ஒரு பழைய ஜில்லா பரிஷத் தலைவர். அவர் காலத்தில் நாற்பத்திரண்டு ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன என்று அவள் மடியில் இருந்த தாளிலேயே எழுதியிருந்தது. அவளோ நிமிர்ந்து, "நாலு போர் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்" என்றாள். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நாலா? எவன் சொன்னான்? நாப்பத்தி ரெண்டு!" பிறகு எந்தெந்த ஊர், யார் யார் நிலத்தில், எவன் தடுத்தான் என்று ஒரு மணி நேரம் பேசினார்.

வெளியே வந்ததும், தெரிந்தே தப்பான எண்ணைச் சொல்வது முறைதானா என்று கேட்டேன். நீதிமன்றத்தில் ஓர் எண் பிசகினால் ஒரு மனிதன் சிறைக்குப் போவான். அவள் சிரித்தாள். "கேள்வி கேட்டா அவங்க லீடர் சார். வாய தொறக்க மாட்டாங்க. தப்பா சொன்னா அவங்க வாத்தியார். வாத்தியார் ஆவறதுக்கு யாருக்குத்தான் ஆசை இல்ல?"

அதற்கும் ஒரு நெறி வைத்திருந்தாள். தப்பாக ஒரு பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் இறந்துபோனவர் பெயரைத்தான் சொல்வாள். உயிரோடு இருப்பவர் தலையில் எதையும் ஏற்றமாட்டாள். "இதை எழுதாதே" என்று தலைவர் சொன்னால் என்னையும் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்வாள். அப்படி வைத்தது பதினேழு முறை. அந்தப் பதினேழும் எங்கள் தாள்களில் இல்லை. தலைவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆகவே இனி சொல்லப்போகிறவரை நானும் பதினான்கு என்றே எழுதுகிறேன். உயிரோடு இருக்கும் மற்றவர்களின் பெயர்களை எழுத அவரவரே சம்மதித்திருக்கிறார்கள்.

சுமித்ராவின் ஊர் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு காலனி. அறுபத்து மூன்று தமிழ்க் குடும்பங்கள். தலைக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருந்தது. தொண்ணூற்றேழில் அது ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போயிற்று. யார் எழுதிக் கொடுத்தார்கள், எப்படி என்று காலனியில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அறுபத்து மூன்றில் நாற்பத்தொரு வீட்டு ஆட்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள். அறிக்கை முடிந்ததும் காலனியின் நடுவில் நின்று அதை முழுதும் வாசித்துக் காட்டுவதாக அவள் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் அப்பா துலுக்காணம் மேஸ்திரி அங்கே சண்டைகளைத் தீர்த்து வைப்பவர். அந்த வாக்கைக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

9.3.2017, வியாழக்கிழமை, காலை 10.40. திருப்பதியில் பதினான்கின் வீடு. செருப்பு ஏழு ஜோடி. ஒரு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், வயது எழுபத்து நான்கு. அவருடைய பி.ஏ. சந்திரசேகர் எங்கள் கைப்பேசிகளை வாங்கி ஒரு காலி லட்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "பத்து நிமிஷம் மேடம்" என்றார். பேச்சு 12.25க்கு முடிந்தது.

"ஏ ஊரும்மா?" என்றார் பதினான்கு.

"புத்தூர் பக்கம் சார்."

"பக்கம்னா?"

"பஸ்ஸு போகாத பக்கம் சார்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ரோடு போட்டதே நான்தாம்மா. பஸ்ஸ விடாதது எனக்குப் பின்னாடி வந்தவன்." அதற்குமேல் ஊரை விசாரிக்க மறந்துவிட்டார்.

அவள் பேச்சை நேரே தன் காலனி நிலத்துக்குக் கொண்டுவந்தாள். "அந்த நெலத்த கம்பெனிக்காரனே வந்து எழுதி வாங்கிக்கினு போய்ட்டான், எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றாங்க சார்."

"எனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்தது. "அம்மாயி, கம்பெனிக்காரனுக்குக் காலனி எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாது. நான் பண்ணேன். அறுபத்தி மூணு குடும்பம். ஒரே மத்தியானம். ஒரு சத்தம் இல்ல, ஒரு கேசு இல்ல. எழுதிக்கோ."

"அவ்ளோ பேரும் ஒத்துக்கினாங்களா சார்?"

"ஒத்துக்கறது என்ன? காங்கிரீட் வீடு வருது, மனு குடுங்கன்னு சொன்னோம். வரிசைல நின்னு வேலு முத்ரா வெச்சாங்க." பெருவிரலை மேசைமேல் அழுத்திக் காட்டினார்.

"பேப்பர்ல இருந்தத படிச்சுக் காட்டலயா சார்?"

"படிச்சா யாரும்மா வெப்பாங்க?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமோ தயக்கமோ இல்லை. சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னார். கொலை செய்தவர்கள் கூண்டில் நின்று பேசியதை எழுதியிருக்கிறேன். அவர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். நான் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். சந்திரசேகர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சுமித்ரா நிதானமாக அடுத்த படிக்குப் போனாள். "உங்க ஆளுங்க வந்து சொன்னா காலனில நம்புவாங்களா சார்?"

"நம்ப மாட்டாங்க. அவங்கள்ளயே ஒருத்தன் வேணும்."

"வீராசாமின்னு ஒருத்தர்தான் கூட இருந்தாராமே?" வீராசாமி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"வீராசாமியா! அவன் குடிகாரன். அவன் சொன்னா அவன் பெண்டாட்டியே விரல் நீட்ட மாட்டா." பதினான்கு கையை வீசி அந்தப் பெயரைத் தள்ளினார். "துலுக்காணம். மேஸ்திரி துலுக்காணம். காலனில சைன் போடத் தெரிஞ்சவன் ரெண்டே பேரு, அதுல அவன் ஒருத்தன். அவன் பேச்சுக்கு அங்க எதிர்ப் பேச்சு இல்ல. அவனே ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சி மையில வெச்சான்."

என் பென்சில் நின்றது. ஒவ்வொரு மாதமும் அவளுடைய வருகைப் பட்டியலில் தந்தை பெயரை எழுதுகிறவன் நான். சுமித்ரா நிமிரவில்லை. மடியில் இருந்த தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ குடுத்தீங்க சார் அவருக்கு?" என்று கேட்டாள். ஒரு தொகையைத் தப்பாகச் சொல்லிப் பார்க்காமல் நேராகக் கேட்டாள்.

"தொட மாட்டேன்னுட்டான்! ஒரு ரூபா தொடல. பொண்ணு நல்லா படிக்குது, திருப்பதில ஹாஸ்டல் சீட்டு வாங்கிக் குடுங்கன்னான். லெட்டர் குடுத்தேன். ஒரே ஒரு லெட்டர்." ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "அந்தப் பொண்ணு இன்னிக்கு மெட்ராஸ்ல பெரிய வேலைல இருக்குதாம். இந்தக் கையால ஒரு குடும்பம் முன்னுக்கு வந்துச்சு. இத்த மறக்காம எழுதிக்கோம்மா."

"எழுதிக்கறேன் சார்" என்றாள் சுமித்ரா.

அதற்குப் பிறகும் ஒன்பது கேள்விகள் கேட்டாள். குரல் ஒரே அளவில் இருந்தது. கிளம்பும்போது அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

புத்தூர் பஸ்ஸில் வடமாலைப்பேட்டை தாண்டியதும், "சார், நீங்க அந்தப் பேர எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதவில்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது என்றேன். நிறுவனத்தின் விதிப்படி மூன்றாம் ஆளின் பெயரை எடுத்துவிடலாம், யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னேன். நான் அப்படி ஒரு யோசனை சொன்னது அதுவே முதல் தடவை.

"பேர எடுத்துரலாம். ஹாஸ்டல எப்பிடி சார் எடுக்கறது? நான் நின்னு படிக்கும்போது பாதி ஜனத்துக்குத் தெரிஞ்சுடும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது வீட்டு மனு இல்லன்னு எங்க நைனா தெரிஞ்சு பண்ணாரா, தெரியாம பண்ணாரா? அத்த அவரே சொல்லட்டும்."

12.3.2017, ஞாயிறு, காலை ஒன்பது மணி. காலனியில் அவள் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். அம்மா சுந்தரம்மா எனக்குச் சேரைத் துடைத்துப் போட்டார். துலுக்காணம் அப்போதுதான் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த நடை.

"இன்னாமே, சாரையும் இட்டுக்கினு வந்துக்கீற?"

"உக்காரு நைனா. உன்னாண்ட பேட்டி எடுக்கணும்."

"என்னாண்டயா?" அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தியாடி, நானும் லீடராயிட்டேன். சொந்தப் பொண்ணே தேடிக்கினு வருது."

"இன்னிக்கி நீ பதினஞ்சு நைனா."

"பதினஞ்சோ பதினாறோ, கேளு. இன்னா கேக்கப் போற?"

"தொண்ணூத்தியேழு. காங்கிரீட் வீட்டு மனு."

மேல் பொத்தானைத் தேடிய அவர் விரல்கள் கழுத்திலேயே நின்றன. சுந்தரம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போனார், திரும்பி வரவில்லை. நான் நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

பேட்டிக்கு முன் பதினோரு வரியில் ஒரு சம்மதப் படிவம் உண்டு. விருப்பமில்லாவிட்டால் பேசாமலிருக்கலாம், பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தலாம், சொன்னதைத் திரும்பப் பெறலாம், சொன்னது எங்கெங்கே வாசிக்கப்படும் என்றெல்லாம் அதில் இருக்கும். சுமித்ரா அதை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் துலுக்காணம் என் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீ எழுதினதுதானே மே. எங்க போடணும்னு காட்டு, போட்டுடறேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துப் போடும் இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும், ஒவ்வொரு சொல்லாக, வாசிக்கத் தொடங்கினாள்.